பெட்டிக்குள் எதுவும் இல்லை

நான்காவது திருகாணி வர மறுத்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்காரர் சாப்பாட்டு மேசையில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருகினார். மூடி கழன்றது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பலகை. மற்ற இடமெல்லாம் காலி.

"இவ்ளோதான் சார். இதுல எதுவும் தங்காது."

வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். மூன்று வாரம் முன்புவரை அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். தபால் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புது டெர்மினல் பெட்டிகள் வந்து பழையவற்றை ஒதுக்கியபோது தன்னுடையதை மட்டும் கேட்டு வாங்கி, ஓய்வு பெற்ற அன்று துணிப்பையில் வைத்து எடுத்துப்போனார். வீட்டில் மாட்டினால், 'சர்வரைத் தேடுகிறது' என்ற ஒரு வரியைத் தாண்டித் திரை நகரவில்லை. நேற்று கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தார்.

"இதுலதானே சார் உக்காந்து எழுதினேன்?"

மேசையில் இருப்பது திரையும் விசைப்பலகையும் மட்டும்தான், எழுதியதெல்லாம் ஆபீஸில் ஏசி போட்ட குளிரறையில் இருக்கும் சர்வர் என்ற ஒரே மெஷினில் என்று கம்ப்யூட்டர்காரர் விளக்கினார். பதினோரு வருடம் முன்பே சொல்லிப் புரியவைத்திருக்க வேண்டும். நாற்பது டெர்மினல்களையும் அவர்தான் பொருத்தினார். கேபிள் இழுத்து, எண் ஒட்டி. எந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து பெயரும் கடவுச்சொல்லும் அடித்தாலும் அவரவர் வேலை விட்ட இடத்தில் வந்து நிற்கும். ஆனால் ஜனங்கள் பெட்டியைத்தான் நம்பினார்கள். இடம் மாறினால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கணக்குப் பிரிவு அம்மா தன்னுடையதற்கு உறை தைத்துப் போட்டிருந்தார். கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார். பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டதில் ரிப்பேர் குறைந்தது.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்காரருக்கும் பெயர் சர்வர். மாதம் ஒருமுறை போன் செய்யும் அக்கா, "எந்த ஹோட்டல்லடா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். குளிரறையில் ஸ்வெட்டரோடு ஒற்றை நாற்காலி. ஏதாவது நின்றுபோனால்தான் மற்றவர்களுக்கு அவர் ஞாபகம் வரும். எதுவும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

அங்கிருந்து யார் திரையையும் பார்க்கலாம். பழுது பார்ப்பதற்கான வசதி அது. இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எண் மாறித் தபால் பிரிவுத் திரையைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மனைவி முந்தின நாள் மாலை பேசியதைத் தபால் சார் எழுதிக்கொண்டிருந்தார். அவள் திட்டியது, கேட்டது, நர்ஸை நக்கலடித்தது. ஒரு நாளைக்குப் பத்து வரி. சர்வர் மறுநாளும் திறந்தார். பிறகு அந்தத் திரை இல்லாமல் சோறு இறங்கவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகும், விட்டுப்போனவற்றை யோசித்து யோசித்துத் தபால் சார் எழுதினார். அதையும் படித்தார்.

ஓய்வு பெறுபவரின் கடைசி நாள் ஐந்து மணிக்கு மெஷினில் அவர் கணக்கையும் அதிலுள்ளதையும் நீக்கிவிட வேண்டும் என்பது விதி. கை நின்றது. பிரதி எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டால், எதை என்று தபால் சார் கேட்பார். பென்டிரைவ் செருகும் துளைகளை எல்லாம் அடைத்தவரே சர்வர்தான். பிரிண்ட் எடுத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பையோடு தபால் சார் வாசலைத் தாண்டியதைப் பார்த்தார். அப்போதும் கூப்பிடவில்லை.

"அப்ப அந்த மெஷின்லேர்ந்து எடுத்துக் குடுங்க."

"அழிச்சாச்சு சார். நகல் ஏழு நாள்தான் இருக்கும்."

"ஆபீஸ் கடுதாசியெல்லாம் போனாப் போகுது. ஒரே ஒரு ஃபைல்..."

சர்வர் திருகாணிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"தெரியும் சார். படிச்சிருக்கேன்."

"எதை?"

"உங்க வீட்டு அம்மா சொன்னதெல்லாம். தினமும். என் ரூம்லேர்ந்து பாக்கலாம்."

தபால் சார் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். என் பெண்ணுக்குக்கூட அதைக் காட்டியதில்லை என்றார். பிறகு மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கித் தானே முடுக்கினார். நான்காவது ஏறவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சர்வர் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்ன சொன்னா? எனக்கு வரமாட்டேங்குது."

"ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியானா கேட்டு வாங்குங்க, வெளிச்சத்துல நீங்க தூங்கி வழியறதப் பாக்கணும்னாங்க."

"ஆமா," என்றார் தபால் சார். கதவைச் சாத்தினார்.

மறுநாள் எட்டரைக்குச் சர்வர் குளிரறையைத் திறந்தார். ஒரு திரையைப் பார்ப்பதற்கு முன் அதில் இருப்பவரிடம் அனுமதி கேட்கும்படி அமைப்பை மாற்றினார். ஐந்து நிமிட வேலை. பதினேழாம் எண்ணுக்கு மவுஸ் மாற்றினார். மதியம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில், அந்த அம்மா பேசியதில் நினைவிருந்ததை எழுதிப் பார்த்ததில் நான்கு வரி வந்தது. போன் இரண்டு முறை அடித்தது. இரண்டும் பிரிண்டர் விஷயம். ஐந்து மணிக்குப் பூட்டினார்.