ராமநாதபுரத்தில் ஒரு ஹீட்டர்

என் மகன் வாங்கியிருக்கும் காரில் முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. ஒரு பக்கம் குளிருக்கு நீலம், மறுபக்கம் சூட்டுக்குச் சிவப்பு. ராமநாதபுரத்தில் அந்தச் சிவப்பை எவன் திருப்புவான்? போன வாரம் நான் திருப்பினேன். "அப்பா, வெந்து சாகவா?" என்று பதறினான் பையன். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். வலி உண்மைதான். ஆனால் திருப்பியது அதற்காக மட்டும் இல்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் நான் டிரைவராக இருந்தேன். பண்ணைக்காரரை அய்யா என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் கூப்பிடுவோம். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்ற கறுப்புக் காரை அய்யா வாங்கியிருந்தார். மலைக் குளிருக்கென்று அதில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். என்ஜினில் சூடாகும் தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு செம்புப் பெட்டிக்கு வந்துபோகும். பார்க்க அது குட்டி ரேடியேட்டர் மாதிரியே இருக்கும். அதன் மேல் காற்றை அடித்தால் வண்டிக்குள் கதகதப்பு வரும். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரா என்று ஊரே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முழங்கால் வாதம். மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகும்போது, "தம்பி, அந்தச் சூட்டக் கொஞ்சம் தெறந்து விடு" என்பார். முன்சீட்டில் அய்யா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வருவார்.

ஆடி அமாவாசைக்கு அம்மா ராமேஸ்வரம் போவார். அப்போது பாம்பனில் ரயில் பாலம் மட்டும்தான். காரை மண்டபத்தில் நிறுத்திவிட்டு நான் காத்திருப்பேன். ரயிலில் திரும்பி வரும்போது கையில் ஒரு செம்பு அக்னி தீர்த்தம் இருக்கும். அது கடல் தண்ணீர்தான். "இங்கன மூடியத் தெற தம்பி, இதுக்கும் கொஞ்சம் ஊத்துவோம்" என்று ரேடியேட்டரில் அவர் கையாலேயே ஊற்றுவார். எப்படி மறுப்பது? சாமி சமாச்சாரம்.

ஆனால் என் சங்கதி அதைவிட மோசம். எங்கள் பக்கம் கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஊருணிக்குப் போய்க் குடத்தில் எடுத்து வரவேண்டும். அது பெண்கள் வேலை. காக்கிச் சட்டை போட்ட டிரைவர் குடம் தூக்கினால் ஊரில் என்ன மரியாதை இருக்கும்? எனக்கு அப்படி ஒரு வெட்டிக் கவுரவம். கார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த உப்புக் கிணற்றில் வாளியை விட்டுத் தினமும் ஊற்றிவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம் திருவாடானையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அய்யா காரில் ஏறும்போது, வீட்டுக்குள் நுழைவதுபோல, செருப்பைக் கழற்றிவிடுவார். அந்த வெறுங்காலில் கொதிக்கும் தண்ணீர் சொட்டியது. "அய்யோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் வண்டியைப் புளியமரத்தில் விட்டிருப்பேன். காலில் இரண்டு கொப்புளம்.

மறுநாள் மெக்கானிக் வந்து அந்தப் பெட்டியைக் கழற்றினார். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு கரிக்குதுய்யா. உப்புத்தண்ணிதேன் அரிச்சிருக்கு. ரெண்டு குழாயையும் ஒண்ணாச் சேத்துக் கட்டிவிட்டா வண்டி பாட்டுக்கு ஓடும். இந்த ஊர்ல ஹீட்டரு எதுக்கு?"

அய்யா என் பக்கம் திரும்பினார். "ஏலே, என்ன தண்ணிலே ஊத்துன?"

எனக்கு முன்னால் இருந்த டிரைவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததற்கே அனுப்பியவர் அவர். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாசம். "ஊருணித் தண்ணிதேன்யா" என்றேன். நாக்கூசாமல் சொன்னேன்.

"பொய் சொல்றலே. இன்னைக்கே நடையக் கட்டு!"

கதவருகே நின்றிருந்த அம்மா, வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். "அவன வையாதீக. நாந்தேன் ஊத்துனேன். அக்னி தீர்த்தம்."

"தீர்த்தத்தையா வண்டில ஊத்துன?"

"ஆமா. எவன் எவனையோ ஏத்துன வண்டி. என்ன பாவத்தச் சொமந்துச்சோ. நீங்க முன்னால ஒக்காந்து போறீக, எனக்கு மனசு கேக்கல."

அய்யாவின் கோபத்தைப் பார்த்தவன் நான். அன்று என்ன நடக்குமோ என்று நினைத்தேன். ஆனால் அவர் குனிந்து தன் கால் கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம், "குழாயக் கட்டிவிடாத. மெட்ராசுக்கு எழுதிப் போட்டுப் புதுசு வரவழை. அவளுக்குக் கால் வலி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மெக்கானிக் என் காதோரம், "ஒரு செம்புத் தண்ணி இம்புட்டு அரிக்காதுலே" என்றார். நான் கழற்றிய பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் புதுசு வந்து இறங்கியது. மெக்கானிக்கும் நானும் மல்லாந்து படுத்து, குழாய் முனையில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகித் திருகி மாட்டினோம். அரைநாள் வேலை. அம்மாவை உட்காரவைத்துச் சூட்டைத் திறந்தேன். நல்ல சித்திரை வெயில். அய்யா முன்சீட்டில் வியர்வையில் நனைந்துகொண்டு வந்தார்.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் ஒரு குடம் ஊருணித் தண்ணீர் இருந்தது. யார் வைத்தது என்று விழித்தேன். மாட்டுக்குத் தவிடு கொண்டுபோன அம்மா நிற்காமலே, "வண்டிக்குத்தேன் தம்பி" என்றார். அன்று முதல் ஒரு நாள்கூடத் தவறாமல் அந்தக் குடம் இருந்தது. ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லித் தினமும் வைக்கச் செய்திருக்கிறார். என் குட்டு அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அத்தனையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தேன். மூன்று பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்ந்தார்கள். அம்மா கண்ணை மூடுகிறவரைக்கும், கிணற்றுத் தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கக்கேடு.

போன வாரம் குமிழைச் சிவப்புக்குத் திருப்பியதும் முழங்காலில் சூடு இறங்கியது. "நான்தேன்ம்மா ஊத்துனேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "என்னத்தப்பா?" என்று கேட்டான் மகன். எட்டாம் மாசத்தில் வயிற்றில் இருந்த பிள்ளை அவன்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.