கம்ப்யூட்டர் தானாகச் சரியாகவில்லை

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். நம் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையில் ரஷீதா அக்காவுக்கு அஞ்சலி எழுதும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவியான எனக்குத் தந்தபோது, "அடக்கமான பொண்ணு, பெரியவங்க பேச்சைத் தட்டாதவன்னு எழுது. ஒரு பக்கம் போதும்" என்றார்கள். ஒரு பக்கம் போதாது. அக்கா அடக்கமானவரும் அல்லர். அவர் அடக்கமாக இருந்திருந்தால் இன்று நம் பள்ளியில் கம்ப்யூட்டர் இருந்திருக்காது. இந்தத் தாள்களை யாராவது கிழித்தால் மறுபடியும் எழுதுவேன்.

செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. காரிமங்கலம் பஸ்ஸில் வரும் மாணவிகள் இறங்கும்போதே அவர்கள் பேச்சு பள்ளி வாசல்வரை கேட்கும். அன்று கேட்கவில்லை. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரஷீதாக்கா இனிமே வரமாட்டாங்கடி" என்றாள். சேலத்தில் உறவினர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும்போது, தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அவர்களுடைய வேனில் மோதிவிட்டது. மற்றவர்கள் காயங்களோடு பிழைத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பிரிவில் படித்த நம் ரஷீதா அக்கா பிழைக்கவில்லை.

அவரைப் பார்த்திராத தங்கைகளுக்காகச் சொல்கிறேன். உயரமானவர். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பார். அவர் அத்தா என்று அழைக்கும் அப்பா காரிமங்கலத்தில் டிரங்குப் பெட்டி செய்து விற்பவர். தகரம் தட்டும் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

நான் அவரை முதலில் கவனித்தது கம்ப்யூட்டர் அறையில்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருவர், தம் அலுவலகத்தில் சொல்லி நம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். சுற்று வட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் அது இல்லை. தையல் டீச்சர் அதற்குப் பூப்போட்ட உறை தைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சனிக்கிழமைகளில் தர்மபுரியிலிருந்து ஒரு சார் வந்து சொல்லித் தருவார். கம்ப்யூட்டர் மன்றத்தில் கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வேலை என்பதால் நானும் அங்கே இருப்பேன். சார் தட்டுவார், நாங்கள் பார்ப்போம். வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை ரஷீதா அக்கா எழுந்து, "சார், பாத்துக்கிட்டே இருந்தா சைக்கிள் ஓட்ட வந்துருங்களா?" என்று கேட்டார்.

"வராதும்மா."

"அப்ப இது மட்டும் எப்படிங்க வரும்?"

சார் கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அன்று முதல் நாங்களும் தட்டினோம். கம்ப்யூட்டரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அக்கா அகராதி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். சாரை விடாமல் கேட்டு, கம்ப்யூட்டரை எழுப்பும் டிஸ்கை இன்னொரு பிரதி எடுத்து வைக்கச் செய்தவரும் அவரே. அந்தப் பிரதி பெரிய டீச்சரின், அதாவது நம் தலைமையாசிரியையின், பீரோவுக்குள் போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், ஆர்மோனியம், அறிவியல் கூடத்துத் தராசு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். டிஸ்கையும் அதன் காகித உறையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார்கள். பெரிய டீச்சர் தம் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். ரஷீதா அக்கா கூட்டத்தின் பின்னால் நின்று, பொரி கடலை எப்போது தருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து வந்தபோது கம்ப்யூட்டர் எழவில்லை. விசிறி ஓடும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. டிஸ்க் போடும் இடத்தில் கரகரவென்று ஒலி வந்து நின்றது. திரையில் டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மறுபடி போட்டாலும் அதே வரிதான்.

"விடுமுறைக்கு முன்னாடி கடைசியா யார் தொட்டது?" என்றார் பெரிய டீச்சர்.

"நான்தாங்க டீச்சர். ஆனா நல்லா ஓடிச்சிங்க" என்றார் அக்கா.

பழி போட அவ்வளவே போதுமானதாக இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வந்து பார்த்தார். "பொம்பளப் புள்ளைங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆவும். பையனுங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுங்க, அவனுங்க ரிப்பேர் பண்ணிக்குவானுங்க. வெள்ளிக்கெழம டெம்போ அனுப்பறன்" என்றார். பெரிய டீச்சரும் தலையாட்டிவிட்டார். சார் வருவதோ சனிக்கிழமை. அதற்குள் கம்ப்யூட்டர் போய்விடும்.

அக்கா அழவில்லை. அன்று மாலை தையல் டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அறையைத் திறந்தார். எனக்குக் கரும்பலகைத் துணி கொடுத்து மேசையைத் துடைக்கச் சொன்னார். பிறகு வாய்விட்டு யோசித்தார். அது அவருடைய வழக்கம்.

"வெளக்கு எரியுது. அப்ப கரண்டு வருது. எழுத்து வருது. அப்ப உள்ள உசுரு இருக்குது. டிஸ்கப் படிக்க முடியலன்னு அதுவே சொல்லுது. அது சொல்றதை நம்பாம நாம ஏன் டீச்சர் அத திட்டிக்கிட்டு இருக்கிறோம்?"

டிஸ்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதைக் கண்டிராதவர்களுக்கு: வளைந்து கொடுக்கும் கறுப்புச் சதுர அட்டைக்குள் வட்டமான மெல்லிய தகடு இருக்கும். அட்டையில் நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் படிக்கும், அங்கே விரல்கூடப் படக்கூடாது. அந்தத் திறப்பில் சந்தனம் காய்ந்திருந்தது. அக்கா நடுவிலிருந்த துளையில் விரலை வைத்துத் தகட்டை மெல்லச் சுழற்றினார். குங்குமச் சிவப்பு வளைந்த கோடாக வந்துகொண்டே இருந்தது.

தையல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நான்தானே தட்டு புடிச்சன். பாக்கறதுக்கு நெத்தியாட்டம் எடமா இருந்துது, பெரிய டீச்சர் வச்சாங்க. நல்லதுக்குத்தானடி வச்சாங்க?"

"நல்லதுக்குத்தாங்க டீச்சர். ஆனா அது நெத்தி இல்லீங்க, கண்ணு. கண்ணுல சந்தனத்த அப்பினா எப்படிங்க படிக்கும்?"

மறுநாள் அக்கா பெரிய டீச்சரிடம் போய், பீரோவிலிருக்கும் பிரதியைக் கேட்டார். நானும் உடன் போனேன். பெரிய டீச்சர் கறைபட்ட டிஸ்கை நெடுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ரஷீதா, ஏதோ தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். விஷயம் இதோட முடிஞ்சிரும்" என்றார்.

"பண்ணாததை எப்படிங்க டீச்சர் சொல்றது?"

"அப்ப நான்தான் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லப் போறியா?"

"யார் வச்சாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா பொண்ணுங்க கெடுத்துட்டாங்கன்னு சொன்னா, இல்லன்னு சொல்லுவன்."

பிரதி கிடைக்கவில்லை. "அதையும் கெடுக்கறதுக்கா?" என்று பெரிய டீச்சர் பீரோவைப் பூட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் டெம்போ வந்தது. தலைவரும் வந்தார். ரஷீதா அக்கா கம்ப்யூட்டர் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு வகுப்பு இருந்தும் நாங்களும் போய் உட்கார்ந்தோம்.

"எந்திரிம்மா, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் தலைவர்.

"ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்துடறோங்க ஐயா. ஓடலன்னா நானே ஒரு பக்கம் புடிச்சித் தூக்கி வைக்கறன்."

"நீ என்ன இஞ்சினியரா?"

"டெம்போக்காரரும் இஞ்சினியர் இல்லீங்களே. அவரு தொடலாம், நாங்க தொடக்கூடாதுங்களா?"

டெம்போ டிரைவர் சிரித்தார். "புள்ள கேக்கறது நாயந்தானுங்க. போட்டுப் பாக்கட்டும், எனக்கு வாடகை ஒண்ணுதான்" என்று மர நிழலில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எல்லோரும் பெரிய டீச்சரைப் பார்த்தோம். அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பிரதி இருந்தது. அக்காவிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.

புது டிஸ்கை உடனே போட்டுவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். அக்கா தடுத்தார். உள்ளே படிக்கும் பாகத்திலும் சந்தனம் ஒட்டியிருந்தால் இதுவும் கெட்டுவிடும் அல்லவா? அறிவியல் கூடத்திலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வரச் சொன்னார். கம்ப்யூட்டரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, புத்தகத்தைப் படம் இருந்த பக்கத்தில் விரித்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மூடியைக் கழற்றினார். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி மெல்லத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. வேறு பஞ்சு சுற்றினார். அதுவும் மஞ்சள். வெள்ளையாக வரும்வரை துடைத்து, ஈரம் காயக் காத்திருந்து, மூடி, டிஸ்கைப் போட்டு, சுவிட்சைத் தட்டினார்.

விசிறி ஓடியது. கரகரவென்ற ஒலி வந்தது. பிறகு பச்சை எழுத்துகள் வரிசையாக இறங்கின. கடைசி வரியில் ஏ என்ற ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் மினுக்கும் கோடும் நின்றன.

"என்னம்மா, ஒரு எழுத்துதான் வருது?" என்றார் தலைவர்.

"அது போதுங்க ஐயா. என்ன வேணும்னு நம்மளக் கேக்குது."

டெம்போ காலியாகத் திரும்பியது. இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் பெரிய டீச்சர், "மாணவியர் கவனக்குறைவால் நின்றுபோன கம்ப்யூட்டர், இறைவன் அருளால் தானாகச் சரியாகிவிட்டது" என்று அறிவித்தார். வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"தானா சரியாகலீங்க டீச்சர். நாங்க சரி பண்ணினோம். நாங்க கெடுக்கவும் இல்லீங்க."

சந்தனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். எதிர்த்துப் பேசியதற்காக அன்று மதியம்வரை கொடிக்கம்பத்தின் அருகே வெயிலில் நிறுத்தப்பட்டார். தண்ணீர் கொண்டுபோன என்னிடம், "இங்கிருந்து பாத்தா எல்லா வகுப்பும் தெரியுதுடி. உங்க வகுப்புல பாதிப்பேர் தூங்கறீங்க" என்றார். சந்தனம் வைத்தவரைச் சொல்ல மாட்டேன் என்பது அக்கா கொடுத்த வார்த்தை. நான் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. பெரிய டீச்சர் பக்தியோடு செய்தது அது, தவறென்று தெரியாமல் செய்தது. பழியை எங்கள்மேல் போட்டது தெரிந்து செய்தது.

அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தாவின் தலையில் கட்டு. "எங்க வூட்டுப் பொண்ணுக்கு வாய் பெரிசுன்னு சொல்லுவாங்கம்மா. பெரிசாவே இருந்தான்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

நேற்று இரங்கல் கூட்டம் நடந்தது. அடக்கம், பணிவு என்று பலர் பேசினார்கள். முடிந்ததும் தலைவர் பெரிய டீச்சரிடம், "இனிமே இத ஓட்டறதுக்குத்தான் ஆள் இல்லியே. டெம்போ அனுப்பட்டுமா?" என்று கேட்டார். பெரிய டீச்சர் பதில் சொல்லுமுன் நான், "ஆள் இருக்குதுங்க ஐயா" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. பெரிய டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தலைவரிடம், "வேண்டாங்க. புள்ளைங்க பாத்துக்குவாங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அறைக்குப் போனோம். கம்ப்யூட்டர் முதல் தடவையிலேயே எழுந்தது. ஆறாம் வகுப்புத் தங்கைகளை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காரவைத்து அவரவர் பெயரைத் தட்டச் செய்தோம். ஒருத்தியையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க விடவில்லை. ரஷீதா அக்கா, உங்களை அடக்கமானவர் என்று சொல்ல நாங்கள் இருக்கும்வரை யாரையும் விட மாட்டோம். போய் வாருங்கள்.

டிஸ்கை உறையில் இட்டோம். கம்ப்யூட்டரை மூடினோம். அறையின் விளக்குகளை அணைத்தோம்.