பக்கத்து வீட்டு வேப்ப மரத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்ப மரம். மரம் அவர்களுடையது, சாய்ந்தது மட்டும் எங்கள் பக்கம். போன மழையில் வேரடி மண் கரைந்து, மரம் இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது. விழுந்தால் பின்னறையின் சிமெண்ட் ஷீட்டை உடைத்துக்கொண்டு கூடம் வரைக்கும் வரும். எங்கள் வீடே அந்த அறையும் கூடமும் ஒரு சமையலறையும்தான். என் மகள் ஒன்பது மாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைப் படுக்க வைக்க, மரம் எட்டாத மூலை ஒன்று அந்த வீட்டில் இல்லை.

வீட்டுக் கடன் வாங்கியபோது பேங்கில் ஒரு இன்சூரன்சும் எடுக்க வைத்திருந்தார்கள். அந்தத் தாளை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்ததோடு சரி. பயம் வந்த பிறகுதான் தூசு தட்டி எடுத்துக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன். புயலில் மரம் விழுந்தால் வீட்டுக்குப் பணம் வரும் என்று அங்கிருந்தவர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் வீட்டு பிளானைப் புரட்டினார். பின்னறை அதில் இல்லை. அது நாங்கள் பிற்பாடு எழுப்பிக்கொண்டது. அதற்கு ஒரு பைசா வராது என்றார். அதோடு விட்டாரா? மரம் ஆபத்தாக நிற்பது முன்னாலேயே தெரியுமா, தெரிந்து என்ன செய்தீர்கள் என்று சேதம் பார்க்க வருகிறவர் கேட்பார், வாயால் சொன்னதெல்லாம் நிற்காது, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

எழுத்தில் என்ன இருக்கும்? அக்காவிடம் சுவருக்கு மேலே தலையை நீட்டி இரண்டு முறை சொல்லியிருந்தேன். இரண்டு முறையும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே யோசிக்கத் தெரியாது. ஆபீசிலிருந்து வீட்டுக்கு வராமல் அப்படியே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மா. எங்கள் பக்கம் நீளும் கிளைகளை நாங்களே கழித்துக்கொள்ளலாம், அடிமரத்தில் கை வைக்க முடியாது, எழுத்து மூலம் எச்சரித்த பிறகும் விழுந்தால் மரத்துக்காரர் பதில் சொல்லியாக வேண்டும் என்று விளக்கினார். பக்கத்து வீடுதானே, முதலில் உட்கார்ந்து பேசக்கூடாதா என்றும் கேட்டார். பேசி ஆயிற்று, அனுப்புங்கள் என்றேன். பதினெட்டு வருஷமாக அதே சுவருக்கு மேலே கடலை பிடுங்கும் காலத்தில் அவிச்ச மல்லாட்டையும் குழம்புக் கிண்ணமும் போய் வந்துகொண்டிருந்தது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

எங்கள் தெருவில் வக்கீல் நோட்டீஸ் என்றால் நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்த மாதிரி. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் காலை அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒங்க வூட்டுக் குப்ப எங்க பக்கம் பறந்து வருதுங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். என்னை வாடி போடி என்றே கூப்பிட்டுப் பழகியவள். சண்டை போட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே மகளுக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெண் குழந்தை, சுகப் பிரசவம். தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் வார்டு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்து பத்து நாள் ஆகியிருக்கும். புயல் வருகிறது, மரக்காணம் பக்கம் கரை ஏறலாம் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். அதே நாள் வக்கீலம்மா கூப்பிட்டார். அக்கா தரப்பிலிருந்து பதில் நோட்டீஸ் வந்திருக்கிறது, உடனே வரச் சொன்னார். போனதும் நான்காவது பத்தியை வாசித்துக் காட்டினார். மேற்படி மரத்தை வெட்டப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தமது கட்சிக்காரர் ஆள் அழைத்து வந்ததாகவும், நோட்டீஸ் அனுப்பிய தங்கள் கட்சிக்காரரே அம்மரத்தில் மஞ்சள் துணி கட்டி, அம்மன் இறங்கியிருப்பதாகச் சொல்லித் தடுத்ததாகவும் எழுதியிருந்தது. வக்கீலம்மா தாளைக் கீழே வைத்தார்.

"இது நெசமாம்மா?"

நிஜம்தான். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மை போட்டது. எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டுக்கு வேப்ப மரம்தான் ஆத்தா. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மகள் தேறி வரட்டும் என்று துணி கட்டினேன். மூன்றாம் நாள் அக்கா மாடிப்படி கட்டுவதற்காக மரம் அறுக்கிறவரைக் கூட்டி வந்தாள். நான் சுவருக்கு மேலே ஏறாத குறையாக நின்று, மரத்தில் வாளை வைப்பதும் என் மகள் மேல் வைப்பதும் ஒன்று என்று கத்தினேன். அக்கா அந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். மாடிப்படியும் கட்டவில்லை, மாடியும் எழும்பவில்லை. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன், துணியை மறந்தேன்.

கோர்ட்டுக்குப் போனால் நிற்காது, முதலில் போய் அந்தம்மாவின் கையைப் பிடியுங்கள் என்றார் வக்கீலம்மா.

மறுநாள் விடிந்ததும் போனேன். வானம் மூட்டமாக இருந்தது, காற்று எழுந்துவிட்டது. தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்க நோட்டீசு வர்றதுக்கு முன்னயே ஆள கூட்டியாந்தேங்க. துணி கட்டன மரத்துல கை வெக்க மாட்டேன், கட்டனவங்க வந்து அவுக்கட்டும்னு பூட்டாரு. நீங்களா நெனச்சிக்கினு வருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவள் பார்த்த பார்வைக்கு அர்த்தம் அதுதான்.

நான் ஒருத்தி மட்டும் கட்டியிருந்தால் பரவாயில்லை. என் துணியைப் பார்த்துத் தெருவே கட்டியிருந்தது, பரீட்சைக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளை வரத்துக்கு. வீடு வீடாக ஓடினேன். சிலர் வந்தார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள், ஒரு வீட்டில் காலைப் பிடிக்காத குறை. மரம் அறுக்கிறவர் கயிற்றோடு வந்து காத்திருந்தார். மழை பிடித்தால் ஏற மாட்டேன், ஜல்தி பண்ணுங்க என்றார். கற்பூரம் காற்றில் நிற்கவே இல்லை. ஆத்தா, வேறு இடம் பார்த்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு ஒவ்வொருத்தியும் தன் துணியை அவிழ்த்தாள். என் துணி மக்கி, முடிச்சு பட்டைக்குள் புதைந்திருந்தது. நகத்தால் கிளறிக் கிளறி எடுத்தேன்.

எல்லாம் போய் ஒன்று மட்டும் நின்றது. புதுத் துணி, சாயம்கூட வெளுக்கவில்லை. யாருடையது என்று கேட்டேன். ஒவ்வொருத்தியும் தன் கையில் இருந்த துணியைக் காட்டினாள். முதல் தூறல் விழுந்தது. மரம் அறுக்கிறவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. யார் கட்டினீர்கள் என்று திரும்பவும் கத்தினேன்.

அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து மரத்தடியில் போட்டாள். ஏறி, அந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"ஒம் பொண்ணு வலி எடுத்து ஆட்டோல போனா இல்ல, அன்னிக்கு கட்டனேன். ஒன் நோட்டீசு அலமாரில இருக்கறப்பவே கட்டனேன்டி."

நான் அவள் காலடியில் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மரம் அறுக்கிறவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி, துணியை உதறி, நாலாக மடித்து என் கையில் வைத்தாள். குழந்தையையும் மகளையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள், மரம் இறங்கி முடிகிற வரைக்கும்.