தோளில் விழுந்த தட்டு

எங்கள் கம்பெனி ஹாஸ்டலுக்கே புஷ்கிராஃப்ட் என்கிற காட்டுவாசப் பித்துப் பிடித்திருந்த சமயம் அது. காட்டில் எவனோ வெறுங்கையால் குடிசை கட்டுகிற வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, ஆளாளுக்குக் கத்தி, தீக்கல் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டார்கள். வார லீவு வந்தால் ஒரகடத்துக்குப் பின்னால் இருக்கிற சீமைக்கருவேலங்காடுதான் எங்களுக்கு ஆப்பிரிக்கா. “ரூம்ல ஃபேன் இல்லியா? இன்னாத்துக்குபா முள்ளுல போய் குந்திகினு கீறீங்க?” என்பார் டீக்கடைக்காரர். ஷிஃப்ட் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்குகிறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

அன்று நானும் ரூம்மேட்டும் மட்டும் போனோம். அவனும் என்னைப்போலத் திருநெல்வேலிப் பக்கம். உச்சிவெயிலில் தீ மூட்டினோம். “ஏரிப் பக்கம் போய் விறகு பொறுக்கிட்டு வாரேன். தீ அணைஞ்சிராம பாத்துக்கோல. புகையப் பாத்துத்தான் திரும்பி வரணும்” என்றான். போனை ரூமிலேயே வைத்துவிட்டு வருவது நாங்களே போட்டுக்கொண்ட கிறுக்குச் சட்டம்.

வெகுநேரம் ஆளைக் காணோம். தொண்டை கிழியக் கத்தியும் பதிலில்லை. அந்த முள்காடு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும்; பாம்பும் உண்டு, பாழுங்கிணறும் உண்டு. புகை நின்றால் அவன் கதி அவ்வளவுதான் என்று கண் எரிய எரிய ஊதினேன்.

பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில், ஷிஃப்ட் முடிந்து ஆளை மாற்றிவிட வருகிறவன் பேச மாட்டான். மெஷின் சத்தத்தில் கேட்காது. தோளைத் தட்டுவான். திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் நகர்ந்து அவனுக்கு இடம் விட வேண்டும். பழகிய உடம்பு அப்படியே நகர்ந்தது. வந்துவிட்டான் நாய் என்ற நிம்மதியில் மரத்தடிக்குப் போய்க் கண்ணை மூடிச் சாய்ந்தேன். ஊதுகிற சத்தம் கேட்டது.

“எங்கல போய்த் தொலைஞ்ச?”

ஊதுகிற சத்தம் மட்டும், நடுவில் மூச்சு இழுக்காமல், நீளமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தேன். ஏரிப் பக்கத்திலிருந்து அவன் வந்துகொண்டிருந்தான். சட்டையை முள் கிழித்திருந்தது. அழுதிருந்தான்.

“வழி தவறிட்டேம்ல. செத்தேன்னே நெனச்சேன். நல்லவேள, திடீர்னு அம்புட்டுப் புகை போட்ட.”

திரும்பிப் பார்த்தேன். தீயருகே ஒருவரும் இல்லை. மேலே பச்சைத் தழை பரப்பியிருந்தது. அப்படிப் போட்டால் புகை கூடும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. ஊதுகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.

“போதும்ல, அணைச்சிட்டுப் போயிருவோம்” என்று அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஊத்தாதல. ஆளு இருக்கு.”