எண்ணெய் தொட்ட கம்பி

இரும்பை அடித்துச் சேர்க்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. மார்த்தாண்டம் பஸ் ரிப்பேர்க் கொட்டகையில் மேஸ்திரி இதை எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை ஞாபகப்படுத்துவார். அவர் உலையடியிலேயே வளர்ந்தவர். நான் சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் படித்து வந்தவன். முதலாளி ஏலத்தில் எடுத்த வெல்டிங் மிஷினை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் என்னைச் சேர்த்துக்கொண்டார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் எனக்கென்ன?

ஆனால் வேலை என் காலை வாரியது. பட்டாளத்தில் உருக்கி ஒட்டுவதற்கு மருந்து பூசிய கம்பி தருவார்கள். இங்கே வெறும் இரும்புக் கம்பிதான். வைத்தால் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் அணையும், நடுவில் நெருப்பைத் துப்பும். ஒட்டிய இடத்தில் ஆப்பம் மாதிரி ஓட்டைகள். நான் ஒட்டிய சேஸிஸ் ஒன்று, பஸ்ஸின் அடிச்சட்டம், திற்பரப்புச் சாலையில் ஒரே வாரத்தில் ஒட்டு விட்டுப்போனது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள ஒட்டு நிக்கணும். இல்லேன்னா மிஷினை வித்துட்டுப் பழையபடி ரிவெட் அடிச்சுக்கிடுவேன். நீ வீட்டுக்குப் போலாம்," என்றார் முதலாளி.

வீட்டுக்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. கம்பிக்கட்டைப் பிரித்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்! கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க மேஸ்திரி தினமும் காலையில் உளிக்கும் சுத்தியலுக்கும் எண்ணெய் தடவுவார். அதே துணியால் என் கம்பியையும் துடைத்து வைத்திருக்கிறார். வஞ்சனை ஒன்றுமில்லை, இரும்பென்றால் எண்ணெய் போட்டே பழகிய கை. அந்த எண்ணெய்தான் எரிந்து, புகைந்து, ஒட்டுக்குள் ஓட்டை போட்டது.

"எண்ணெ போடாத இரும்பு இந்த ஊருல நாலு நாளு நிக்குமாலே? பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தா எனக்கே பாடம் சொல்லுவியா?" என்றார் மேஸ்திரி, நான் போய்க் கேட்டதும்.

"சொல்லுவேன். இனி என் கம்பியத் தொடாதீங்க அண்ணாச்சி."

கொட்டகையில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. நானும் சொன்னதை விழுங்கவில்லை.

கம்பிகளை நெருப்பில் காட்டி எண்ணெயைப் போக்கி, மணலால் தேய்த்தேன். சுவருக்கு வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பில் முன்பொரு நாள் விழுந்த கம்பி மட்டும் துப்பாமல் எரிந்ததைக் கவனித்திருந்தேன். தேங்காய்ப்பட்டணத்துச் சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, எல்லாவற்றையும் முக்கி வெயிலில் காயவைத்தேன். "கம்பிக்குக் கல்யாணமா, வெள்ளையடிக்கான்?" என்று கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சனிக்கிழமை இரண்டு இரும்புப் பட்டைகளை ஒட்டி வைஸ் இடுக்கியில் மாட்டினேன். முதலாளி சம்மட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மேஸ்திரியே அடிக்கட்டும். நான் அடிச்சா மெதுவா அடிச்சேன்னு சொல்லுவாவ."

அவர் அடித்தார். எண்ணெய்க் கம்பியால் நான் போட்ட பழைய ஒட்டென்றால் ஒரே அடியில் கண்ணாடி மாதிரி உடைந்திருக்கும். இது உடையவில்லை. ஒன்பதாவது அடியில் பட்டையே வளைந்தது, ஒட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல். பத்தாவது அடிக்குச் சம்மட்டியை ஓங்கியவர் கீழே வைத்துவிட்டார். முதலாளி, உடைந்து கிடந்த அடுத்த சேஸிஸை எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனார்.

மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு உள்ள கம்பியும் சுண்ணாம்புல நனச்சு வச்சிரு."

"நீங்களே நனச்சு வைங்க அண்ணாச்சி. கைய மட்டும் நல்லா சோப்புப் போட்டுக் கழுவிக்கிடுங்க," என்றேன்.