மூச்சு வாங்காத அக்கா

யாராவது ஓடி முடித்து இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கோபமெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித்தந்த சேர் மேல்தான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் மலை உச்சியில். பள்ளிக்கூடம் கீழே, டிக்கோயா போகிற ரோட்டில். அக்கா தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கி ஏறுவாள். வந்ததும் புத்தகப் பையை வீசிவிட்டு விறகுக்கு மறுபடி மலையேறுவாள். அந்த வருடம் மரதன் ஓட்டத்தில் அவள்தான் முதலாவது. கோட்டைத் தாண்டியவள் நேரே என்னிடம் வந்து, "ரொட்டிய தின்னியா?" என்று கேட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். பின்னால் வந்த டவுன் பிள்ளைகள் புல்லில் விழுந்து கிடந்தார்கள்.

சேர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூச்சே வாங்கல. இது முழுசா ஓடல. தேயிலைக்குள்ள குறுக்கால வந்திருக்கு."

"ரோட்டுலதான் சேர் ஓடுனேன்."

"தோட்டத்துப் பிள்ளைக்கா குறுக்குப் பாதை தெரியாது?"

எல்லோரும் சிரித்தார்கள். கப் இரண்டாவதாக வந்தவளுக்குப் போனது.

பாதை தெரிந்தால் அதில் போயிருக்க வேண்டுமா? என்ன அநியாயம் இது. தினமும் மலையேறுகிற உடம்பில் இதயம் பலப்பட்டுவிடும், ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிடும். இதையெல்லாம் படித்துத்தானே அந்த மனுஷன் சேர் ஆனார்? படித்தது கண்ணெதிரே வந்து நின்றபோது, வாய் கூசாமல் கள்ளி என்றார்.

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மாவுக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. "நாங்க கூடையோட மலை ஏறுறோம். யாரு நின்னு மூச்சு வாங்குறா? நின்னா கங்காணி விடுவாரா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் அம்மா மலையில் நிற்பாள். அதனால் சேரிடம் போய்க் கேட்க எங்களுக்கு ஆளில்லை.

அடுத்த வருடமும் அக்காதான் முதலாவது. ஆனால் கோட்டைத் தாண்டியதும் தடாலென்று விழுந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அக்கா செத்துவிடுவாள் என்று நான் அலறினேன். அதே சேர் ஓடிவந்து குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். "இதுதான் உண்மையான ஓட்டம்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கப் அவளுக்கே கிடைத்தது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது அழுது களைத்த என்னால் ஏற முடியவில்லை. அக்கா கப்பை என் கையில் கொடுத்து என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறினாள். பயத்தில் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அப்பாடா, அக்காவுக்கு ஒன்றும் இல்லை. கப்பும் எங்களிடம் இருக்கிறது. பிறகு எதற்கு இவள் தோள் குலுங்கக் குலுங்க அழுகிறாள் என்றுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.