மூன்றரை மணித்தியால மண்ணெண்ணெய்

பிள்ளையள், உங்கள் அம்மா கணக்குப் படித்தவ, நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு முன்னால் இருத்தி வைத்தது ஒரு கொம்பியூட்டர்தான். அதை அதன் அளவுக்கு மேல் ஓடவைக்க நான் மூன்று நாள் பட்ட பாடு இது. பெரிய விசயமில்லை. ஆனாலும் சில மத்தியானங்களில் அந்த நாட்கள் தண்ணீருக்குள் தெரிகிற கல் மாதிரி எனக்கு அசைந்து அசைந்து தெரியும்.

சண்டையால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று இரண்டு மூன்று வருடமாகியிருந்தது. மருதனார்மடச் சந்தியில் நான் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தேன். பற்றரி வராத காலம். சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டார்கள். வெளிநாடு போன சிநேகிதன் ஒருவன் தன் கொம்பியூட்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். கடையின் பின்னறையில் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அது நித்திரை கொண்டது.

உங்கள் அம்மா எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தா. வலிகாமத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றித்தான் அவவின் படிப்பு. இரண்டு வருடம் சைக்கிளில் திரிந்து, கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்து அளந்து, கொப்பி நிறைய எழுதியிருந்தா. எந்தக் கிணறு எத்தனை வருடத்தில் உவர்க்கும் என்று பார்க்கிற கணக்கு ஒன்றையும் கொம்பியூட்டருக்கு ஏற்றமாதிரி எழுதி வைத்திருந்தா. கொழும்பில் மேற்படிப்புக்கு ஓர் இடம் கிடைக்கும் போலிருந்தது. முடிவுகளைக் கையில் கொண்டுவந்தால்தான் இடம் என்று கடிதம் வந்திருந்தது. தரைப்பாதை மூடிக் கிடந்ததால் கடல்நீரேரி தாண்டுகிற படகுக்கு வெள்ளிக்கிழமை போகவேண்டும். கம்பஸ் மிசினுக்கு அவவுக்கு முன்னால் நீண்ட வரிசை. யாரோ சொல்லி, செவ்வாய்க்கிழமை காலமை என் கடைக்கு வந்தா.

"அண்ணை, உங்களிட்டை ஒரு கொம்பியூட்டர் நிக்குதாம்."

ஓம், அப்போது என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டா. சிரிக்க வேண்டாம்.

மின்சாரத்துக்கு உடுவிலில் வெங்காயம் செய்கிற ஒருவரைப் பிடித்தேன். தோட்டத்து எஞ்சினில் ஜெனரேற்றர் பூட்டி, தள்ளுவண்டிலில் கொண்டு வந்தார். இங்க் பில்லரால் நாலு துளி பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் எழும்பும். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். சேலையை நீக்கிச் சுவிச்சைப் போட்டபோது பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. வெளிச்சத்தைக் கண்டு கனகாலமான அந்த அறையில் உங்கள் அம்மாவின் முகமும் பச்சையாகத் தெரிந்தது.

பத்தில் ஒரு பங்குக் கிணறுகளை மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்த்தா. பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, முழுவதற்கும் நாலு மணித்தியாலம் வேண்டும் என்றா. இடையில் நிற்பாட்டினால் முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம், கணக்கு அப்படி.

எஞ்சின்காரர் கானை ஆட்டிப் பார்த்தார். "பிள்ளை, இறைப்புக்கு வைச்சது போக உள்ளதெல்லாம் சேத்து வழிச்சு ஊத்தினாலும் மூண்டரை மணித்தியாலம்தான். அதுக்கு மேலை நான் ஊதித்தான் ஓட்டவேணும்."

அந்த வாரத்துக்கு வேறு எங்கும் மண்ணெண்ணெய் இல்லை. அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே போனார். எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. பல்ப் வெள்ளையாக எரிந்தது. பெட்டிக்குள் ஏதோ கீச்சிட்டது. நான் ஓடிப்போய் அவரின் கையைப் பிடித்தேன்.

"என்ன செய்யிறியள் அண்ணை!"

"எஞ்சினைக் கூட்டினா இறைப்பு கெதியா முடியுமெல்லே. உது மட்டும் என்ன, வேறை சாதியே?"

வேறு சாதிதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. கூட்டுகிற இடம் எஞ்சினில் இல்லாவிட்டால் வேறு எங்கே?

கொம்பியூட்டரின் போர்டில் சின்னத் தகரக் கூடு ஒன்று இருக்கும். கிறிஸ்ரல் என்பார்கள். உள்ளே ஒரு பளிங்குச் செதில். மின்சாரம் பட்டால் அது நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ஏற்றபடிதான் மிசினின் மூளை அடி எடுத்து வைக்கும். அந்தக் கூட்டில் இருபத்திநாலு என்று பொறித்திருந்தது. என் மேசை லாச்சியில் கழித்துப் போட்ட போர்டுகள் கிடந்தன. ஒன்றில் முப்பத்திரண்டு இருந்தது. இதன் ஈயத்தை இளக்கிக் கழற்றி அதை ஒட்டினால் நாலு மணித்தியாலம் மூன்றாகும். விரலால் எண்ணிப் பார்த்து அவவுக்குச் சொன்னேன்.

"மூளை தாங்குமோ?" என்று கேட்டா.

"தாங்காட்டி நிக்கும். நிண்டா பழையதைப் போடுவம்."

அன்று பின்னேரம் ஒட்டினேன். ஒரு ரேடியோவையும் பக்கத்தில் வைத்தேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால், கொம்பியூட்டர் கணக்குப் பார்க்கும்போது அதன் இரைச்சல் ரேடியோவில் கேட்கும். ஒரு கிணற்றுக்கு ஒரு சத்தம். தும்பி கண்ணாடியில் மோதுகிற மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி. கண்ணை மூடினால் ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் யாரோ வாய் வைத்து ஊதுவது போலிருக்கும். புதுக் கிறிஸ்ரலோடு அந்தச் சத்தம் கொஞ்சம் மேலே ஏறி ஒலித்தது. உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. மூன்று நிமிடம். பிறகு ஒரே ஊளை. எழுத்துகள் அப்படியே உறைந்தன.

எங்கள் ஊரில் எஞ்சின் சூடேறி இழுத்தால் ஈரச்சாக்குப் போடுவோம். எஞ்சின்காரர் அதையே சொன்னார், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. புதன் காலமை, மூளைச் சில்லின் மேல் ஒரு சுண்ணாம்புத் தகரப் பேணி மூடியை மல்லாத்தி வைத்து, அதற்குள் கரண்டியால் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். கொம்பியூட்டருக்குள் தண்ணீர்! இன்று நினைத்தால் கை கூசுகிறது. அவர் கரண்டியோடு காவல் நின்றார்.

"தம்பி, உதுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. தொட்டுப் பார்."

தொட்டேன். குளிர்ந்திருந்தது. ஆனால் மூன்றாம் நிமிடம் திரும்பவும் அதே ஊளை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூளையில் குற்றமில்லை. அது ஓடத் தயார். போர்டுதான் மாட்டேன் என்கிறது. மூளை ஓர் எண்ணைக் கேட்கும். ஞாபகச் சில்லுகள் தேடி எடுத்துக் கொடுக்கவேண்டும். அவை கையில் எடுக்க முன்னமே இது அடுத்ததைக் கேட்டுவிடுகிறது. போர்டில் இரண்டு ஊசிகளின் மேல் சின்னத் தொப்பி மாதிரி ஒன்று செருகியிருந்தது. அதை மாற்றிக் குத்தினால் மூளை ஒவ்வொரு தரமும் ஓர் அடி பொறுத்து நிற்கும். மாற்றினேன். மிசின் நிற்காமல் ஓடியது. ஆனால் நேரத்தைப் பார்த்தால் பழைய நேரமேதான். ஓடி ஓடிக் காத்து நிற்கிற ஓட்டம்.

எஞ்சினை நிற்பாட்டினோம். சோதனைக்கு எரிந்ததை ஈடுகட்ட, எஞ்சின்காரர் அன்றைய தன் வெங்காய இறைப்புக்கு வைத்திருந்ததையும் கானில் ஊற்றினார். திரும்பவும் மூன்றரை மணித்தியாலம். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. "வெங்காயம் ஒரு நாள் பொறுக்கும்," என்றுவிட்டு நாளைக் காலமை வருவதாகப் போனார். உங்கள் அம்மாவும் கொப்பிகளை அடுக்கினா.

"ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்கோ அண்ணை. நான் குறை நினைக்க மாட்டன்."

இந்த இடத்தை உங்களுக்கு மறைக்காமல் எழுதவேண்டும். என் லாச்சியில் பழுதான படப்பலகை ஒன்றும் கிடந்தது, திரைக்குப் படம் கொடுக்கிற போர்டு. அதில் இருபத்தெட்டு என்ற கிறிஸ்ரல் இருந்தது. இருபத்திநாலுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில், கணக்குப் பார்த்தால் மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அது காலமையே என் கண்ணில் பட்டிருந்தது. ஏலாது என்று சொன்னால் யாரும் என்னைப் பிழை சொல்லமாட்டார்கள். படகு போய்விடும். அவ இன்னொரு வருடம் திருநெல்வேலியில் இருப்பா. கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கதைக்க என் கடைக்கு வருவா. இரண்டு நாளில் நான் அப்படி நினைக்கிறவனாக ஆகியிருந்தேன். அந்த மிசினை வேகமாக்க வேகமாக்க அவவைக் கெதியாக அனுப்புகிறேன் என்பது கையில் ஈயம் உருக்குகிற ஒட்டுக்கோலைப் பிடித்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. சந்தைச் சத்தம் தூரத்தில் கடல் மாதிரிக் கேட்டது. அவ சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டிவிட்ட சத்தமும் கேட்டது.

"பிள்ளை, நில்லுங்கோ," என்றேன். "இன்னும் ஒண்டு இருக்கு."

இருபத்தெட்டை ஒட்டினேன். தொப்பியைப் பழைய இடத்திலேயே குத்தினேன். வியாழன் காலமை எட்டரைக்கு எஞ்சின் எழும்பியது. மூன்றாம் நிமிடம்வரை நாங்கள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு இருந்தோம். ரேடியோவில் அந்தத் தும்பி பாடிக்கொண்டே இருந்தது. நாலு, ஐந்து, பத்து. போர்டு விட்டுக்கொடுத்த வேகம் அவ்வளவுதான், ஆனால் அதை முழுக்கக் கொடுத்தது.

அதன் பிறகு ஒன்றும் செய்ய இல்லை. கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. எஞ்சினின் தாளம் சுவரில் அடித்தது. ஓலையின் ஓட்டையால் விழுந்த வெயில் வட்டங்கள் நிலத்தில் மெல்ல நகர்ந்தன. சத்தம் மாறும்போதெல்லாம் உங்கள் அம்மா, "இது உரும்பிராய்க் கிணறு, ஆமை இருந்தது," "இதிலை ஒரு மனுசி எனக்குப் பனங்கட்டி தந்தவ," என்று மெதுவாகச் சொன்னா. நான் அந்தக் கிணறுகளுக்கெல்லாம் போய் வந்தேன், கதிரையை விட்டு எழும்பாமல். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் அது எத்தனை வருடம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னம் ரேடியோ அமைதியானது. திரை நிறைய எண்கள். பிரிண்டர் இல்லை. பிளொப்பியோடு சோதனைச் சாவடிகளைக் கடக்க முடியாது. கடுதாசிதான். அவ வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். வெளியே எஞ்சின்காரர் கானைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு முடறு இருக்கு, பிள்ளை! வாசி, வாசி!"

"இன்னும் பத்து எண்தான் அண்ணை!" என்றா அவ.

"எஞ்சின் விக்குது! மூச்சு விடாமல் வாசி!"

கடைசி வரியை நான் எழுதி முடிக்கையில் பல்ப் சிவந்து மங்கியது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றபோது காது நோவது போலிருந்தது.

அளவுக்கு மேல் ஓடின மிசின் பிழையாகக் கணக்குப் பார்த்திருந்தால்? அவ வாசலுக்குப் போய், வெயிலில் ஓடுகிற சின்னக் கல்குலேட்டரைப் பிடித்து, ஒரு கிணற்றின் கணக்கை முழுதாகத் தட்டிப் பார்த்தா. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி எண்ணைக் கண்டு, தாளைப் பார்த்து, "சரி," என்றா. அந்த ஒரு சொல்தான்.

எஞ்சின்காரர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப கொழும்புதான். போயிட்டு வா பிள்ளை. என்ரை வெங்காயத்தையும் உந்தக் கணக்கிலை எழுது."

வெள்ளிக்கிழமை காலமை அவவின் பையை என் சைக்கிள் கரியரில் கட்டினேன். தாள்கள் இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி அதற்குள் இருந்தன. பஸ் பிடிக்கிற இடம்வரை போவதாக ஏற்பாடு. அவ தன் சைக்கிளில் முன்னால் போனா. நான் பின்னால். இரண்டு தரம் அவ காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தா.

"கொஞ்சம் கெதியா வாங்கோவன்."

"எதிர்க்காத்து பிள்ளை," என்றேன்.

காற்று எங்களுக்குப் பின்னாலிருந்துதான் வீசியது. அவவின் தாவணித் தலைப்பு முன்னால் பறந்துகொண்டிருந்தது. அவ அதைக் கையால் பிடித்து இழுத்துச் செருகினா, என்னைப் பார்த்தா. பிறகு அவவும் மெதுவாக மிதித்தா.